இருட்டில் சாலை எங்கே முடிகிறது? நெடுஞ்சாலைக் கோடுகள் செய்யும் வேலை

புதிதாகத் தார் போட்ட சாலையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. பள்ளமில்லை, குலுக்கலில்லை, வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமெல்லாம் ஒரே கறுப்பு. தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு நாம் ஊகத்தில்தான் ஓட்டுகிறோம். மழைக்காலத்து இரவு ஒன்றில் அப்படி ஒரு வளைவை, அது வளைவு என்றே தெரியாமல் நெருங்கியிருக்கிறேன். ஓரத்துச் சக்கரம் ஜல்லியில் இறங்கிய சத்தம்தான் சாலை திரும்புகிறது என்பதை எனக்குச் சொன்னது.

சில வாரங்கள் கழித்து அதே வழியாகப் போனபோது இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அந்த வளைவு நூறு மீட்டருக்கு முன்பே தெரிந்தது. சாலையும் அதேதான், வண்டியும் அதேதான், ஓட்டியவனும் அவனேதான். இடையில் சேர்ந்தது ஒரு சாண்கூட அகலமில்லாத வெள்ளைப்பூச்சு மட்டும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது, எங்கே தீங்காகவே மாறுகிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஊர்களுக்கு வெளியே ஓடும் நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் ஒரு மாதிரியானவை. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் தடுப்புச்சுவர் கிடையாது. தெருவிளக்கு கிடையாது. தார் முடிந்ததும் மண் ஓரம், அதைத் தாண்டினால் மரமோ வாய்க்காலோ. வேகமோ மணிக்கு 80, 90 கி.மீ. அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 20 சதவீதத்தினர்தான் கிராமப்புறங்களில் வசிக்கிறார்கள். ஆனால் அந்நாட்டுச் சாலை விபத்து மரணங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் கிராமப்புறச் சாலைகளில் நடக்கிறது. அங்கே உயிரை எடுக்கும் விபத்துகளில் இரண்டு வகை முக்கியமானவை: வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்திலோ பள்ளத்திலோ போய் முடிவது ஒன்று, எதிரே வரும் வண்டியோடு நேருக்கு நேர் மோதுவது இன்னொன்று. இரண்டுமே வண்டி தன் இடத்திலிருந்து ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ விலகுவதில்தான் ஆரம்பிக்கின்றன. தலா 90 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் வினாடிக்கு 50 மீட்டர் வீதம் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அவற்றைப் பிரிப்பது அந்தக் கோடு ஒன்றுதான்.

வண்டி ஓட்டும்போது கண் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. வண்டியின் மூக்குக்குச் சற்று முன்னால், சாலையின் ஓரத்துக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொள்கிறது. தொலைவில், சாலை எந்தப் பக்கம் வளையப்போகிறது என்று பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லேண்ட், ஜூலியா ஹார்வுட் இருவரும் 1995இல் இதைச் சோதித்தார்கள். ஓட்டுபவருக்குச் சாலையின் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் காட்டி, மற்றதை மறைத்தார்கள். அண்மைப் பகுதி மட்டும் தெரிந்தபோது வண்டி தடத்துக்குள் இருந்தது, ஆனால் வெட்டி வெட்டித் திரும்பியது. தொலைவு மட்டும் தெரிந்தபோது திருப்பம் சீராக இருந்தது, ஆனால் வண்டி தடத்தில் நிலைக்கவில்லை. வேகமாகவும் ஒழுங்காகவும் ஓட்ட இரண்டும் தேவைப்பட்டன.

பகலில் இந்த இரண்டு தகவலையும் தருவதற்கு ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. மரவரிசை, மின்கம்பங்கள், தாரின் நிறம், புல்லின் விளிம்பு, முன்னால் போகும் வண்டி. இருட்டியதும் இவை ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் மிஞ்சுவது கோடு மட்டும்தான். ஆகவே கோட்டின் தரத்தைப் பகலில் பார்த்து முடிவு செய்வதில் அர்த்தமில்லை. நண்பகல் வெயிலில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் கோடு, இரவில் ஹெட்லைட்டில் செத்துக் கிடக்கலாம். வெள்ளை நிறம் வேறு, வெளிச்சத்தைத் திருப்பித் தரும் குணம் வேறு.

அந்தக் குணத்தைத் தருவது பெயின்ட் அல்ல, அதில் தூவியிருக்கும் கண்ணாடி மணிகள். நன்றாகப் போட்ட ஒரு கோட்டை உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி நெருநெருக்கும். அந்த நெருநெருப்புதான் மணிகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடி உருண்டை. ஹெட்லைட் ஒளி மணிக்குள் நுழையும்போது வளைந்து, மணியின் அடிப்பக்கத்தில் குவிகிறது. அங்கே இருக்கும் வெள்ளைப் பூச்சில் பட்டுச் சிதறி, அதே மணி வழியாக வந்த திசைக்கே திரும்புகிறது. ஓட்டுபவரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்பதால் அந்த ஒளி அவருக்குக் கிடைக்கிறது. மணி இல்லாத பூச்சில் பட்ட ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கித் தெறித்து வீணாகிவிடும்.

மணி எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதிக்குச் சற்று மேலே, அதாவது 50 முதல் 60 சதவீதம் வரை பதிந்திருக்க வேண்டும். அதிகம் மூழ்கினால் ஒளி நுழைய இடமில்லை. குறைவாகப் பதிந்தால் டயர் பட்டுப்பட்டு மணி பெயர்ந்து போய்விடும். கோடு போடும் வண்டியில் பூச்சு விழுந்த அடுத்த நொடியே மணியும் விழ வேண்டும். உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் என்றால் பூச்சு 180, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போதே. கொஞ்சம் ஆறிவிட்டால் மணி மேலேயே நின்றுவிடும், அதிகச் சூட்டில் அடிவரை இறங்கிவிடும். வெயிலிலும் அனலிலும் அந்த வண்டியின் பின்னால் நடந்து வேலை செய்பவர்களின் கைப்பக்குவம், பல மாதங்களுக்கு அந்தச் சாலையில் இரவில் போகிறவர்களின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. தெர்மோபிளாஸ்டிக்கில் மேலே தூவுவது போக உள்ளேயும் மணி கலந்திருப்பார்கள். மேல்பரப்பு தேயத் தேய உள்ளிருப்பவை வெளிவரும்.

மழை பெய்தால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடுகிறது. மெல்லிய தண்ணீர்ப்படலம் மணிகளை மூடிக்கொள்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீரின் எண் 1.33. இரண்டும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போது வளைகிற அளவுக்கு, தண்ணீரிலிருந்து போகும்போது ஒளி வளைவதில்லை. குவியவேண்டிய இடத்தில் குவியாது. போதாததற்குத் தண்ணீரின் மேற்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போலாகி, நம் வெளிச்சத்தை எதிரே வருபவர் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. கோடு மிகத் தேவைப்படும் நேரமே மழை இரவு, அப்போது பார்த்துத்தான் சாதாரணக் கோடு மறைகிறது. இதற்கு மருந்து உண்டு. தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் அளவுக்குப் பெரிய மணிகள், தட்டையாக இல்லாமல் மேடும் பள்ளமுமாகப் போடும் கோடுகள், சாலையில் பதிக்கும் ரிஃப்ளெக்டர்கள். கடைசியாகச் சொன்னது யார்க்‌ஷையரைச் சேர்ந்த பெர்சி ஷா கண்டுபிடித்து 1934இல் காப்புரிமை பெற்ற ‘பூனைக்கண்’. மழைத்தண்ணீரைப் பயன்படுத்தித் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்.

நடுக்கோட்டின் கதை பலருக்கும் தெரிந்திருக்கலாம். மிச்சிகனில் எட்வர்ட் ஹைன்ஸ் 1911இல் முதல் நடுக்கோட்டைப் போட வைத்தார். ஒழுகிய பால்வண்டி சாலையில் விட்டுச்சென்ற வெள்ளைத் தடத்தைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் ஜூன் மெக்கரோல் என்ற பெண் மருத்துவர், 1917இல் லாரி ஒன்று தன் காரைச் சாலையை விட்டு விலக வைத்த பிறகு, நடுக்கோடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1924இல் அந்த மாநிலம் அதை ஏற்றுக்கொண்டது. ஓரக்கோடு வருவதற்கு அதன்பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஜான் டார் என்ற வேதியியலாளர் ஒன்றைக் கவனித்தார்: எதிரே வரும் ஹெட்லைட்டில் கண் கூசும்போது, ஓட்டுபவர்கள் தெரிகிற ஒரே கோடான நடுக்கோட்டையே பிடித்துக்கொண்டு, எந்த வண்டியிடமிருந்து விலக வேண்டுமோ அதன் பக்கமே ஒட்டிப் போகிறார்கள். ஓரத்திலும் ஒரு கோடு இருந்தால் கண் அங்கே தாவும். 1950களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிட் பார்க்வே என்ற நெடுஞ்சாலையில் அவர் தூண்டுதலால் ஓரக்கோடு போட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கும் எதிர்வெளிச்சம் கண்ணை அடிக்கும்போது ஓரக்கோட்டைப் பாருங்கள் என்று ஓட்டக் கற்றுத்தருபவர்கள் சொல்வது இதே காரணத்தால்தான்.

இதுவரை படித்தவர்களுக்கு, கோட்டை எவ்வளவு பளிச்சென்று போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஃபின்லாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. வெலி-பெக்கா கால்பெர்க் 1993இல் வெளியிட்டது அது. கோட்டைப் போலவே இரவில் வழிகாட்டும் ரிஃப்ளெக்டர் கம்பங்களைச் சாலையோரங்களில் நட்டார்கள், சில சாலைகளை நடாமல் விட்டு ஒப்பிட்டார்கள். குறுகலாகவும் வளைந்தும் ஏறி இறங்கியும் போகும் சாலைகளில், கம்பம் நட்ட பிறகு இரவு நேர வேகம் கூடியது. அதோடு இருட்டில் நடக்கும் விபத்துகளும் கூடின. பாதுகாப்புக்காக நட்ட கம்பங்கள் அவை.

ஏன் இப்படி என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1970களிலேயே ஒரு விளக்கம் வைத்திருந்தார். வழியைப் பிடித்துப் போவதற்கான பார்வை ஒன்று, எதிரே இருப்பது என்ன என்று அடையாளம் காணும் பார்வை இன்னொன்று. வெளிச்சம் குறையும்போது இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை. வழிபிடிக்கும் பார்வை ஏறக்குறைய பகலில் இருப்பது போலவே இருக்கும், அடையாளம் காணும் பார்வை மட்டும் மளமளவென்று சரிந்துவிடும். ஸ்டீயரிங் சிரமமில்லாமல் திரும்புகிறது, வண்டி தடத்திலேயே போகிறது. அதனால் நமக்கு எல்லாம் நன்றாகத் தெரிவதாகவே நம்பிவிடுகிறோம். ஆனால் கறுப்புச் சட்டை போட்டு ஓரமாக நடந்து வருபவரும், விளக்கில்லாத சைக்கிளும், பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரியும் கண்ணாடி மணி பதித்தவை அல்ல. 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த, சுதாரிக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டாலும், உலர்ந்த சாலையில் 80 மீட்டர் வேண்டும். லோ பீமில் மங்கிய உடைக்காரர் ஒருவர் கண்ணில் படுவது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த தூரத்தில்தான். கோடு மட்டும் அதற்கும் அப்பால் வரை நீண்டு தெரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே கோடு ஓட்டுபவருக்கு எதைக் கொடுக்கிறது என்பதில் நாம் துல்லியமாக இருக்க வேண்டும். அது வழியைக் காட்டுகிறது. வழியில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. முதல் வசதி கிடைத்த மகிழ்ச்சியில் வேகத்தைக் கூட்டினால், இரண்டாவது குறையின் விலையைச் சாலையில் நடந்து போகிறவர் கொடுக்கிறார். இந்தத் துறையில் இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தெரிவதன் காரணமும் விளங்கும். எந்தச் சாலை என்று பாராமல் எல்லா இடத்திலும் ஓரக்கோடு போட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் பலன் சொற்பமாகத்தான் தெரியும். சிரமமான இடத்தில், அந்த இடத்துக்கு ஏற்ற கோட்டைப் போட்டால் கணக்கே வேறு. அமெரிக்காவில் ஓரக்கோட்டின் வழக்கமான அகலம் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. அதை 6 அங்குலமாக்கியபோது, இருவழிக் கிராமப்புறச் சாலைகளில், சந்திப்புகளைத் தவிர்த்த இடங்களில், உயிரிழப்பும் காயமும் உண்டாக்கும் விபத்துகள் 37 சதவீதம் வரை குறைந்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. கூடுதலாக 5 செ.மீ. பூச்சு, அவ்வளவுதான். அகலக்கோடு முக்கியமாக ஓரப்பார்வைக்கு உதவுகிறது. கண் தொலைவில் இருக்கும்போதே, பக்கத்தில் ஓடும் கோட்டைக் கண்ணின் விளிம்பு பிடித்துக்கொள்கிறது. வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. 60 வயதானவரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கண் மூடிவிட்டவருக்கு எவ்வளவு அகலமான கோடும் உதவாது. தூக்கக் கலக்கத்தில் விலகும் வண்டிகளுக்காகத்தான் கோட்டின் மீதோ அதை ஒட்டியோ சாலையைச் சிறு சிறு பள்ளங்களாகக் குடைகிறார்கள். சக்கரம் ஏறினால் வண்டி முழுக்கத் தடதடவென்று அதிரும். இருவழிக் கிராமப்புறச் சாலைகளில் நடுக்கோட்டில் இப்படிக் குடைந்ததால், உயிரிழப்பும் காயமும் தரும் நேருக்கு நேர் மோதல்கள் 44 முதல் 64 சதவீதம் வரை குறைந்திருக்கின்றன. பள்ளத்தின் மீதே கோட்டைப் போட்டால் இன்னொரு நன்மையும் சேரும்: பள்ளத்தின் சரிவில் இருக்கும் மணிகளில் தண்ணீர் தேங்காது, எனவே மழையிலும் கோடு தெரியும். எந்த மருந்தும் எல்லோருக்கும் ஒத்துப்போவதில்லை. இந்தப் பள்ளங்கள் சைக்கிள்காரர்களுக்குத் தொல்லை. அவர்கள் ஏறி இறங்க இடையிடையே இடைவெளி விடவேண்டும். தடித்த கோடு ஈரத்தில் இருசக்கர வண்டியை வழுக்கிவிடக்கூடியது. அதற்காகவே ஐரோப்பிய விதிகள் கோட்டின் ஒளியை மட்டுமல்ல, வழுக்காத தன்மையையும் அளக்கச் சொல்கின்றன.

சில இடங்களில் கோட்டை எடுப்பதே பாதுகாப்பு. இரண்டு கார்கள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போக முடியும் என்கிற அளவுக்குக் குறுகிய சாலையில் நடுக்கோடு போட்டால், அது இல்லாத ஓர் அகலத்தை இருப்பதாகக் காட்டுகிறது. இது என் பாதி, அது உன் பாதி என்று இருவரும் வேகம் குறையாமல் வருவார்கள். நெதர்லாந்தில் மணிக்கு 60 கி.மீ. எல்லை கொண்ட கிராமச் சாலைகளில் நடுக்கோடே இல்லை. இரண்டு ஓரங்களிலும் விட்டுவிட்டுப் போகும் கோடு மட்டும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பது ஓட்டுபவருக்குத் தானாகப் புரியும். அதே நாட்டில் 80 கி.மீ. சாலைகளின் நடுவில் இரட்டைக்கோடு. 100 கி.மீ. சாலை என்றால் அந்த இரட்டைக்கோட்டுக்கு நடுவில் பச்சை நிறம். பலகையைத் தவறவிட்டவருக்கும் காலடியில் ஓடும் கோடே வேக எல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோடு வேகத்தைத் தூண்டும் என்ற கவலைக்கு நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த பதில் இது.

விட்டுவிட்டுப் போடும் நடுக்கோட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் அதன் ஒரு துண்டு 10 அடி நீளம், இடைவெளி 30 அடி. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஷாஃபர் குழுவினர் மாணவர்களிடம் ஒரு துண்டு எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டபோது, பெரும்பாலானோர் சொன்ன பதில் 2 அடி. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கையில் தூரம் அவ்வளவு சுருங்கித் தெரிகிறது. தூரம் சுருங்கினால் வேகமும் குறைவாகத்தான் தோன்றும். முந்தலாமா வேண்டாமா என்று இதே கண்ணை நம்பித்தான் முடிவெடுக்கிறோம். மேட்டின் உச்சியிலும் வளைவிலும் முழுக்கோடு போடுவது அதனால்தான். அங்கே நின்று அளந்து பார்த்த ஒருவர், முந்தி முடிக்கத் தேவையான தூரத்துக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை என்று எழுதிவைத்த குறிப்பு அது. முழுக்கோட்டைத் தேவையில்லாத நேர்சாலையிலும் மைல்கணக்கில் இழுத்துவிட்டால், மக்கள் அதை மதிக்காமல் தாண்டப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் உண்மையான மேட்டிலும் தொடரும்.

போட்ட கோடு எவ்வளவு நாள் நிற்கும்? இதில் வருத்தமான ஒரு விஷயம் உண்டு. வளைவில் வண்டிகள் குறுக்கே வெட்டிப் போவதால், டயர்கள் கோட்டின் மீதே ஏறி ஏறித் தேய்க்கின்றன. நேர்சாலையில் கோடு புதிது போல இருக்கும்போதே வளைவின் உள்பக்கத்தில் மணிகள் போய், பூச்சும் போய், தார் தெரிய ஆரம்பித்துவிடும். சாலை முழுவதையும் ஒரே நாளில் பூசி, ஒரே நாளில் திரும்பப் பூசும் கால அட்டவணை, மிகத் தேவையான இடத்தைத்தான் மாதக்கணக்கில் வெறுமையாக விடுகிறது. வளைவுகளை மட்டும் இடையில் ஒருமுறை பூசுவது பெரிய செலவல்ல.

கோட்டின் இரவு ஒளியை அளக்கக் கருவி இருக்கிறது. காருக்கு 30 மீட்டர் முன்னால் இருக்கும் கோட்டிலிருந்து எவ்வளவு ஒளி ஓட்டுபவரின் கண்ணுக்குத் திரும்புகிறது என்று அது எண்ணாகச் சொல்லும். அதை வண்டியில் பொருத்தி, ஓடிக்கொண்டே நெடுந்தூரம் அளக்க முடியும். அமெரிக்காவில் 2022இல் வந்த விதி, மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் வேக எல்லை உள்ள சாலைகளில் இந்த எண் 50க்குக் குறையாமல் பராமரிக்க ஒரு முறையை வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 6,000 வண்டிகளுக்குக் குறைவாகப் போகும் சாலைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஒதுக்குப்புறமான இருவழிச் சாலைகள் பலவும் இந்த விலக்குக்குள் போய்விடும். பணம் அளவோடுதான் இருக்கிறது என்பது புரிகிறது. ஆனாலும் தெருவிளக்கும் இல்லாமல், முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கும் இல்லாமல், கோட்டை மட்டுமே நம்பி ஒருவர் தனியாக ஓட்டுவது அப்படிப்பட்ட சாலையில்தான்.

இப்போது கோட்டுக்கு இன்னொரு வாசகரும் வந்துவிட்டார். வண்டி தடத்தை விட்டு விலகினால் எச்சரித்துத் திருப்பும் கேமராக்கள் புதிய கார்களில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம். தேய்ந்த கோட்டையும் மழையில் மறையும் கோட்டையும் பார்த்துக் கேமராவும் நம்மைப் போலவே தடுமாறுகிறது.

மறுபடியும் அந்தப் புதிய தார்ச்சாலைக்கு வருகிறேன். சாலை போடும் வேலையில் கோடு கடைசி வேலை. பல நேரங்களில் அதற்கு ஒப்பந்ததாரரும் வேறு, தேதியும் வேறு. தார் இறுகியதும் போக்குவரத்தைத் திறந்துவிடுகிறார்கள். பள்ளம் போனதால் வேகம் கூடிய அதே நாளில், வழிகாட்டியும் காணாமல் போகிறது. இதற்காகவே தார் ஆறிய உடனே நடுவிலும் ஓரத்திலும் ஒட்டிவிடக்கூடிய சின்னச் சின்ன ரிஃப்ளெக்டர் பட்டைகள் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரு மாலைக்குள் சில கிலோமீட்டர் ஒட்டிவிடலாம். அமெரிக்கச் சாலைக் கையேடு அத்தகைய தற்காலிகக் குறிகளை 14 நாளுக்கு மேல் நீடிக்க விடாமல் நிலையான கோட்டைப் போடச் சொல்கிறது. வேலை முடிந்து சாலையைத் திறக்கும் அதிகாரி, அன்றிரவு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை அதன் இரு முனைகளுக்கும் ஓட்டிப் பார்த்தால், அந்தப் பட்டைகள் மறுநாள் காலையிலேயே வந்துசேரும்.